முகம் தேடிய பெயரும் பெயர் தேடிய முகமும்

லியோனார்டோ டா வின்சி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மோனா லிசா. அவருடைய சொந்த முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்: வழுக்கை விழுந்த முன்தலை, தோளில் புரளும் முடி, மார்பில் இறங்கும் தாடி, அடர்ந்த புருவம், இறுக மூடிய வாய். பாடநூல், நாட்காட்டி, பொது அறிவுப் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த முகம்தான். இவ்வளவுக்கும் மூலம் ஒரே ஒரு தாள். இத்தாலியில் துரின் நகரத்து அரச நூலகத்தில் இருக்கிறது. அந்தத் தாளில் இருப்பவர் லியோனார்டோதானா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

தங்கம் தோண்டின ஊர்க்காரனுக்கு இத்தாலிய ஓவியத்தோடு என்னப்பா வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் ஊரிகத்தில் பிறந்து வளர்ந்தவன். ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவன் அல்லன். அந்தத் தாளை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு முதியவரின் முகத்தைப் பார்த்து அவர் யார், என்ன வயது, என்ன பாடுபட்டவர் என்று ஊகிப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான வேலை. அந்த அனுபவத்தைத் துணையாக வைத்துக்கொண்டு இந்த வழக்கை விசாரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். முடிவில் அது நம் வீட்டு வழக்காகவும் ஆகும் என்பதை அன்பர்கள் காண்பார்கள்.

தாளில் இருப்பது என்ன?

பெயரை மறந்துவிட்டு முதலில் தாளைப் பார்ப்போம். சுமார் 33 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். வரைந்திருப்பது சிவப்புக் காவிக்கட்டியால். இரும்புச் சத்துள்ள மண்ணைக் குச்சியாக நறுக்கிக் கூர்தீட்டி வரைவார்கள். கரிக்கட்டியைத் தட்டினால் உதிர்ந்துவிடும். காவி அப்படி இல்லை, தாளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட கோட்டை முழுவதும் அழிக்க முடியாது. ஆகவே கையில் உறுதி உள்ளவர்தான் அதைத் தொடுவார். 1490-களிலிருந்து இந்தக் காவியை அதிகமாகக் கையாண்ட முன்னோடிகளில் லியோனார்டோ ஒருவர்.

முகம் முக்கால் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. நெற்றியில் ஆழமான வரிகள். கண்ணுக்குக் கீழே தொங்கும் பை. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் பள்ளம். மேலுதடு உள்வாங்கியிருப்பதைப் பார்த்தால் மேல் முன்பற்கள் விழுந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். பொக்கை விழுந்த வாயைப் பார்த்துப் பழகிய நமக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை. முகத்தின் நடுப்பகுதிதான் அழுத்தமாக வரையப்பட்டிருக்கிறது. உச்சந்தலையோ கோடு தெரியாத அளவுக்கு மங்கி மறைகிறது. முடியும் தாடியும் நீண்ட அலைகளாக வழிகின்றன.

இந்த அலைகளைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் வின்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் லியோனார்டோவின் வேறொரு தாள் இருக்கிறது. ஒரு பாதியில் கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் கிழவர். மறுபாதியில் தடைபட்டுச் சுழித்தோடும் தண்ணீர். பக்கத்திலேயே தண்ணீரின் ஓட்டத்தைக் கூந்தலின் சுருளோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறார். துரின் முதியவரின் தாடியைப் பார்க்கும்போது அந்தச் சுழிகள்தான் என் நினைவுக்கு வருகின்றன. முடியைத் தண்ணீராகப் பார்த்த கண் இது. வரைந்த கை லியோனார்டோவின் கைதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அவர் இடக்கைக்காரர் என்பதும், பொதுவாக அவருடைய நிழற்கோடுகள் வலக்கைக்காரர்களின் கோட்டுக்கு எதிர்ச்சாய்வாக விழும் என்பதும் அறிந்ததே.

கை யாருடையது என்பது ஒரு கேள்வி. முகம் யாருடையது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்ததில்தான் குழப்பம் தொடங்கியது.

"அவரேதான்" என்போர்

துரினை ஆண்ட அரசர் கார்லோ ஆல்பர்ட்டோ இந்தத் தாளை 1839-இல் ஜோவானி வோல்பாட்டோ என்ற சேகரிப்பாளரிடமிருந்து வாங்கினார். 19-ஆம் நூற்றாண்டில்தான் இது லியோனார்டோ தம்மைத்தாமே வரைந்த படம் என்ற கருத்து உலகெங்கும் வேரூன்றியது. தாளின் அடியில் மங்கிப்போன எழுத்து ஒன்று உண்டு. லியோனார்டோவின் பெயரும், மிக முதிர்ந்த வயதில் தாமே வரைந்தது என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் உள்ளன. ஆனால் அது பின்னால் வந்த வேறொருவர் எழுதியது என்றே கொள்ளப்படுகிறது.

அடுத்த சான்று ரபேலின் சுவரோவியம். வத்திக்கானில் 1509-க்கும் 1511-க்கும் இடையில் அவர் தீட்டிய 'ஏதென்ஸ் பள்ளி'யில் பிளேட்டோவுக்கு நீண்ட தாடியும் வழுக்கை நெற்றியும் உண்டு. "பிளேட்டோவின் முகம் லியோனார்டோவின் முகம், துரின் தாளில் இருப்பவரும் பிளேட்டோவைப் போலவே இருக்கிறார், எனவே இவரும் லியோனார்டோ" என்பது வாதம். சரி, பிளேட்டோ லியோனார்டோதான் என்று எப்படித் தெரியும்? "துரின் படத்தைப் பாருங்களேன், அதே முகம்!" என்று பதில் வருகிறது. இவன் நல்லவன்னு அவன் சாட்சி, அவன் நல்லவன்னு இவன் சாட்சி. பஞ்சாயத்தில் இது நிற்குமா? கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி அந்தச் சுவரோவியத்தை விவரித்து, அதில் இருக்கும் சிலரின் பெயரையும் சொல்கிறார். பிளேட்டோவுக்கு லியோனார்டோவின் முகம் என்று அவர் சொல்லவில்லை.

வசாரி நூலின் 1568-ஆம் ஆண்டுப் பதிப்பில் லியோனார்டோவின் உருவம் மரச்செதுக்கு அச்சாக இருக்கிறது. அது தொப்பி அணிந்த பக்கவாட்டு முகம். அதைவிட நெருங்கிய சான்று, வின்ட்சரில் இருக்கும் மற்றொரு காவிப் படம். ஏறத்தாழ 1515-க்கும் 1518-க்கும் இடையில் அவருடைய மாணவர் பிரான்செஸ்கோ மெல்சி வரைந்ததாகக் கருதப்படுவது. அதன் அடியில் லியோனார்டோவின் பெயர் இருக்கிறது. நன்றாக வாரிய முடி, ஒழுங்கான தாடி, நேரான மூக்கு. பார்ப்பதற்கு அழகிய முதியவர். 2019-இல், லியோனார்டோ மறைந்த 500-ஆம் ஆண்டையொட்டி, உதவியாளர் ஒருவர் வரைந்த இன்னொரு சிறு படமும் அவருடையதே என்று வின்ட்சர் தொகுப்பின் அறிஞர் மார்ட்டின் கிளேட்டன் அடையாளம் காட்டினார். உயிரோடு இருந்த லியோனார்டோவைப் பார்த்தவர்களின் சாட்சியம் என்றால் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்ல வேண்டும். உலகம் எடுத்துக்கொண்டதோ துரின் முகத்தை. மெல்சி காட்டும் முகம் அமைதியானது. துரின் முகத்தில் பெருந்துயரம் இருக்கிறது. மேதை என்றால் துயரப்பட்டிருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு விரும்பியது, அதற்கேற்ற முகம் கிடைத்தது என்பது என் துணிபு.

"அவர் அல்லர்" என்போர்

எதிர்த்தரப்பின் முதல் வாதம் வயது. படம் 1510-க்கும் 1515-க்கும் இடைப்பட்டது என்பது வழக்கமான கணக்கு. 1452-இல் பிறந்த லியோனார்டோவுக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. படத்தில் இருப்பவரோ எழுபது, எழுபத்தைந்து சொல்லலாம் போல இருக்கிறார். ஆகவே வேறு யாரோ என்கிறார்கள்.

இந்த வாதம் எங்கள் ஊர்க்காரர்களிடம் செல்லாது. கேஜில் ஏறி இறங்கிப் பூமிக்கடியில் முப்பது வருஷம் உழைத்தவர்களின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அங்கே பாறையின் சூடும், நுரையீரலில் படிகிற கல்தூசியும் மனிதனைச் சும்மா விடுமா? அம்பத்தெட்டு வயசு ஆளைப் பார்த்து, "பெரியவரே, எழுபது தாண்டிடுச்சா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. முகத்தை வைத்து வயதைக் கணக்கிடுவது இவ்வளவு நம்பத்தகாத காரியம். லியோனார்டோ விஷயத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1517 அக்டோபரில் பிரான்சின் அம்புவாஸ் நகரில் அன்டோனியோ தே பேயாத்திஸ் என்பவர் அவரை நேரில் கண்டு குறிப்பு எழுதினார். எழுபதைக் கடந்த கிழவர் என்பது அவர் கணிப்பு. அப்போது லியோனார்டோவின் உண்மையான வயது 65.

இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது. கண்ணாடியைப் பார்த்துத் தன்னை வரைகிறவனின் கண், படத்தில் பெரும்பாலும் நம்மையே பார்க்கும். துரின் முதியவர் நம்மைப் பார்க்கவில்லை. புருவத்தின் நிழலில் ஒதுங்கிய அந்தக் கண்கள் வேறு எங்கோ நிலைத்திருக்கின்றன. யாரோ தம்மை வரைவதற்கு இடம் கொடுத்துவிட்டுத் தம் யோசனையில் இருக்கும் மனிதரின் பார்வை அது. இரண்டு கண்ணாடி வைத்து வரைந்திருக்கலாமே என்று மறுப்பவர்கள் உண்டு. வரைந்திருக்கலாம், ஆனால் அப்படித்தான் வரைந்தார் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

மூன்றாவது வாதம் பாணி பற்றியது. கோடுகளின் தன்மை 1490-களைச் சேர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியானால் அப்போது லியோனார்டோ நாற்பதுகளில் இருந்தவர். படத்தில் இருப்பவர் அவராக இருக்க வழியே இல்லை. ராபர்ட் பெய்ன் என்ற வரலாற்றாசிரியர், இவர் லியோனார்டோவின் தந்தை செர் பியெரோவாகவோ சிற்றப்பா பிரான்செஸ்கோவாகவோ இருக்கலாம் என்றார். 1980-இல் ஹான்ஸ் ஓஸ்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், ஜுசெப்பே போசி என்ற மிலான் ஓவியர் செய்த போலி இது என்றே எழுதினார். அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கோட்டில் இருக்கும் கவனத்தைப் பார்த்தால் எனக்கும் அதில் நம்பிக்கை வரவில்லை.

என் முடிவு இதுதான்: கை லியோனார்டோவுடையது; முகம் லியோனார்டோவுடையது என்பதற்குச் சான்று போதாது.

பெயர் மாறினால் படமும் மாறும்

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இந்தப் படத்தை வீட்டில் மூன்று பேரிடம் காட்டுங்கள். ஒருவரிடம், இவர் மோனா லிசாவை வரைந்த மேதை என்று சொல்லுங்கள். இன்னொருவரிடம், பத்திரம் எழுதிச் சம்பாதித்த கண்டிப்பான தகப்பனார் என்று சொல்லுங்கள். மூன்றாமவரிடம், தெருவில் போன கிழவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வரைந்தது என்று சொல்லுங்கள். முதலாமவர் அந்த மூடிய வாயில் ஞானத்தைக் காண்பார். இரண்டாமவர் கறார்த்தனத்தைக் காண்பார். மூன்றாமவர் பசியைக் காண்பார். கோடு ஒன்றுகூட மாறவில்லை. நாம் சொன்ன பெயர்தான் அந்த வாய்க்கு அர்த்தம் கொடுத்தது.

எந்தப் பெயர் சொன்னாலும் மாறாமல் நிற்பவையும் உண்டு. விழுந்த பல், வாடிய கன்னம், ஒவ்வொரு மயிராகப் பிரித்து வரைந்த புருவம். லியோனார்டோ இளமை முதலே கிழவர்களை விடாமல் வரைந்தவர். கொக்கி மூக்கும் துருத்திய முகவாயுமாக எத்தனையோ முகங்களைக் கேலியாகவும் கிறுக்கியிருக்கிறார். இந்தத் தாளில் கேலி இல்லை, அழகுபடுத்தவும் இல்லை. ஒரு வயதான மனிதரின் எதிரே ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதைத் தாளே சொல்கிறது. படத்தின் பெருமை என்று நான் கருதுவது இதையே. பெயருக்காகப் பார்க்க வருகிறவர்கள், பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வள்ளுவருக்கு வந்த முகம்

துரினில் முகம் இருக்கிறது, பெயர் உறுதியில்லை. நம் மொழியில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று உண்டு. திருவள்ளுவர் என்ற பெயர் உலகறிந்தது. முகம் யாரும் கண்டதில்லை.

சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை 1819-இல் மறைந்தார். அவர் வள்ளுவர் உருவம் பொறித்துத் தங்க நாணயம் அடிக்கச் செய்தார். பிற்காலத்தில் ஐராவதம் மகாதேவன் அதை ஆராய்ந்து வெளியிட்டார். அதில் வள்ளுவர் தலைக்கு மேல் குடையோடு சமண முனிவரைப் போல அமர்ந்திருக்கிறார். பழைய அச்சுப் படங்கள் பலவற்றில் அவரே சைவ அடியாராகத் திருநீற்றோடு காட்சி தந்தார். எங்கள் தங்கவயலில் வலுவாக வேரூன்றியிருந்த அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த மரபில் அவர் பௌத்தர். ஆக, பார்த்தவர் எவரோ அவருடைய சமயமே வள்ளுவரின் சமயம்.

இந்தச் சிக்கலை உணர்ந்தே ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா சமயக் குறி எதுவும் இல்லாத வெள்ளுடை வள்ளுவரைப் படைத்தார். 1960-இல் அஞ்சல்தலையில் அந்த உருவம் வந்தது. 1964-இல் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் படத்தைத் திறந்துவைத்தார். இன்று தாடியும் உச்சிக்கொண்டையும் எழுத்தாணியும் இல்லாத வள்ளுவரை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

மாநிலத்துக்கு வெளியே வாழும் நமக்கு அந்த முகம் எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதைப் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை சொல்லும். 1991-இல் அங்கே நிறுவிய சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கலைஞர் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, 13-ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்தார். வள்ளுவர், சர்வக்ஞர் இருவரின் முகமும் கற்பனையே. ஆனாலும் இரு மொழி மக்களும் அவற்றின் வழியாகத்தான் அன்று ஒருவரையொருவர் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் துரின் முகத்தை மட்டும் ஏன் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்? வேறுபாடு இருக்கிறது. சர்மாவின் வள்ளுவர் கற்பனை என்பது எல்லோருக்கும் தெரியும். வரைந்தவர் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், ஏன் அப்படி வரைந்தார் என்பதும் தெரியும். அதை நாம் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். துரின் தாளின் மேல் ஏற்றப்பட்ட பெயரோ சாட்சியம் என்ற உரிமையோடு வருகிறது. மரியாதைக்காக ஒரு முகத்தை ஏற்பது வேறு. "இதுதான் அவர், நேரில் கண்டது" என்று சொல்வது வேறு. முதலாவதில் பொய் இல்லை. இரண்டாவதற்குச் சான்று வேண்டும்.

ஊரிகத்து முதியவர்கள்

இனி நம் வீட்டு வழக்கு. வட ஆர்க்காடு, தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் இங்கே வந்தார்கள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பிள்ளைகள் காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். பலர் அங்கேயே குடியேறினார்கள். இன்னும் பலர் கடல் கடந்தும் போனார்கள். வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு பழைய தகரப் பெட்டியும் போகும். அதற்குள் ஓரம் மடங்கிய சில போட்டோக்கள். கோட்டுப் போட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர். மார்பில் இறங்கும் தாடி இருக்காது, முறுக்கிய மீசை இருக்கும். மற்றபடி அதே நெற்றி வரி, அதே உள்வாங்கிய வாய், நம்மைப் பார்க்காத அதே கண்.

"இது யாரு?" என்று பேரப்பிள்ளை கேட்கும். "தாத்தாவோட அப்பான்னு ஆயா சொல்லுவாங்க. இல்லன்னா அவரு தம்பியா இருக்கும்." ஆயா இருக்கும்வரை இந்த அளவாவது பதில் உண்டு. அதற்குப் பிறகு அதுவும் ஒரு துரின் முதியவர்தான். பெயரில்லாத முகத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒரு பெயர் வைக்கலாம், எந்தக் கதையை வேண்டுமானாலும் ஒட்டலாம். லியோனார்டோவுக்காக வாதாட உலகம் முழுவதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். நம் முதியவருக்காக வாதாட நம் வீட்டை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆகவே இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் பெட்டியைத் திறந்து, வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தையே கெடுத்துவிடும். பெயர், சொந்த ஊர், எந்தச் சுரங்கம், என்ன வேலை, ஏறத்தாழ எந்த ஆண்டு. உறுதியாகத் தெரிந்ததை உறுதியாக எழுதுங்கள். தெரியாததை, "இன்னார் இப்படிச் சொன்னார்" என்று சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். துரின் தாளின் அடியில் எழுதிய அந்தக் கை, தான் யார், எதைக் கொண்டு எழுதுகிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இவ்வளவு வழக்கு வந்திருக்காது.

எழுதி முடித்த பிறகு படத்தைத் திருப்பி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முன் காவிக்கட்டியோடு ஒருவர் ஒரு முதியவரை எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாரோ, அதில் பாதிப் பொறுமையாவது நம் பெரியவர்களுக்கு நாம் பட்டிருக்கிறோம்.